எல்லையில் ஒரு நதிக் காவலன்

அஞ்செட்டியை ஒட்டி ஓடும் தொட்டல்லா ஆற்றில் மார்கழி மாதம் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தொட்ட ஹள்ளா என்றால் கன்னடத்தில் பெரிய ஓடை. மேலகிரி மலைகளில் விழும் மழையைச் சேர்த்துக் கொண்டுபோய்க் காவிரியில் விடுகிற ஓடை இது. காப்புக்காட்டுக்கு வெளியே, ஊர்ப் பக்கமாக இறங்கி, தேங்காய் அளவுக் கல் ஒன்றைப் புரட்டி நண்பரிடம் நீட்டினேன். அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்ப்பவர். மைக்ரான் கணக்கில் இரும்பைத் தேய்ப்பது அவருடைய அன்றாடம்.

கல்லின் அடிப்பக்கத்தில் மணல் திட்டு மாதிரி ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருந்தது. நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். அவர் விரலால் தொடப்போனபோது அது மெல்ல நகர்ந்தது.

"என்னங்கண்ணா இது, மண்ணு நடக்குது?"

சட்டைப் பையிலிருந்து, வேலைக்கு வைத்திருக்கும் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஒரு கல்லுகூட உள்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கலைங்கண்ணா. ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் பார்த்து வச்சிருக்கு. தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு எதை வச்சு ஒட்டுது?"

தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. தண்ணீருக்கடியில், ஈரமான கல்லின்மேல், ஈரமான இன்னொரு கல்லை ஒட்டுவது மனிதர்களின் பசைத் தொழிலுக்கு இன்றும் கடினமான வேலை. இந்தப் புழு அதைப் பிறந்த சில நாட்களிலேயே செய்யத் தொடங்கிவிடுகிறது.

புழுவின் தாய் தந்தையை ஆங்கிலேயர் காடிஸ் ஈ என்றார்கள். அது ஈ அல்ல. ஈக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. மாலையில் ஓடைக்கரை விளக்கைச் சுற்றும்போது பார்த்தால் அந்துப்பூச்சி என்றே நினைப்போம். உட்காரும்போது சிறகுகளைக் கூரை ஓடு போலச் சாய்த்து மடக்கிக்கொள்ளும். தலையைவிட மிக நீளமான இரண்டு உணர்கொம்புகள். அந்துப்பூச்சியின் சிறகில் தூள் போல உதிர்வது செதில். இதன் சிறகில் இருப்பது மெல்லிய மயிர். 1813-ல் வில்லியம் கிர்பி என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் அந்த மயிரை வைத்தே வரிசைக்கு டிரைகாப்டெரா என்று பெயரிட்டார். தமிழில் மயிர்ச்சிறகி எனலாம். உலகம் முழுக்க இதுவரை பெயர் பெற்ற மயிர்ச்சிறகிகள் ஏறத்தாழ 17,000 இனங்கள். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேல்.

நண்பரின் கேள்விக்கு விடை ஓசூர்க்காரர்களுக்கு மிக நெருக்கமான இடத்திலேயே இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் போனால் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் கண்ணில் படும். கீழுதட்டில் திறக்கும் ஒரு சுரப்பியிலிருந்து இழை விட்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது பட்டுப்புழு. மயிர்ச்சிறகியின் புழுவும் அதே உதட்டுச் சுரப்பியிலிருந்து அதே வகைப் பட்டை இழுக்கிறது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி வரிசையும் மயிர்ச்சிறகி வரிசையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பரிணாம மரத்தில் ஒன்றுக்கு மற்றதைவிட நெருங்கிய உறவு கிடையாது. ஒன்று மல்பெரி இலையில் வாழ்கிறது, ஒன்று ஓடைக்குள் வாழ்கிறது.

தண்ணீருக்குள் வாழும் பிள்ளையின் பட்டில் ஒரு மாற்றம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஸ்டீவர்ட் குழுவினர் 2010-ல் அதை விளக்கினார்கள். பட்டுப் புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கும். நீர்ப்புழு அந்த செரின்களில் பெரும்பங்குக்குப் பாஸ்பேட்டைக் கோர்த்துவிடுகிறது. பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம், ஆற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியத்துக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் பிணைந்து இழைக்குள் முடிச்சு முடிச்சாகப் பூட்டிக்கொள்கின்றன. இழுத்தால் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெகிழும், விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். வெள்ளத்தில் அடிபடும் கூடு சிதறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரமான திசுவை ஒட்டும் மருத்துவப் பசைக்கு இதைப் பின்பற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள்.

எல்லா மயிர்ச்சிறகிப் புழுவும் வீடு கட்டுவதில்லை. நாங்கள் புரட்டிய அடுத்த கல்லில் வலை இருந்தது. ஹைட்ரோசைக்கிடே என்ற குடும்பத்துப் புழு கல்லிடுக்கில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக ஒரு சிறு வலையைக் கட்டி, பின்னால் ஒளிந்துகொண்டு, அடித்துவரும் துணுக்குகளைப் பொறுக்கித் தின்னும். கல்லை வெளியே எடுத்ததும் வலை அழுக்குப் படலம் போலச் சுருங்கிவிடுகிறது. ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால்தான் அதன் கட்டம் கட்டமான கண்கள் தெரியும். இன்னும் சில இனங்கள் இலையை வெட்டி ஒட்டும். சில குச்சிகளை அடுக்கும். வேல மரத்தில் சுள்ளிகளைக் கட்டிக்கொண்டு தொங்கும் புழுவைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஒரு பேரினம் மணலைச் சுருட்டி நத்தை ஓடு மாதிரியே கட்டுகிறது. அதை நம்பி 1834-ல் ஐசக் லீ என்ற அமெரிக்க அறிஞர் புதிய நத்தை இனம் என்று பெயர் சூட்டி வெளியிட்டார். உள்ளே ஆறு கால்களோடு ஒரு பூச்சிப்புழு இருந்தது. நத்தைகளில் கரைகண்ட மனிதர் அவர். உயிரினத்துக்குப் பெயரிடும் வேலை எவ்வளவு நிதானம் கேட்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வேலையைத்தான் இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். "புதிய உயிரினம் கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் ஒரு பத்தி வரும்போது, யாரோ காட்டுக்குள் போய் இதுவரை காணாத ஒன்றைக் கண்டு வியந்தார் என்று தோன்றும். மயிர்ச்சிறகியில் அப்படி நடப்பது அரிது. கண்டுபிடிப்பு பெரும்பாலும் ஒரு மேசையின் முன்னால், பிடித்துப் பல ஆண்டுகள் கழித்து நடக்கிறது. 2012-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு எல்லா வகை உயிரினங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது: ஒரு மாதிரி சேகரிக்கப்பட்ட நாளுக்கும் அது புதிய இனம் என்று விவரிக்கப்படும் நாளுக்கும் இடையே சராசரி 21 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து வாக்குரிமை பெற்று, அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு ஆகும் காலம், அந்தப் பூச்சி பெயரில்லாமல் சாராயப் புட்டியில் கிடக்கிறது.

ஏன் இவ்வளவு தாமதம்? கல்லடியில் கிடைக்கும் புழுவை வைத்து இனத்தை உறுதிப்படுத்துவது கடினம். சிறகு முளைத்த பெண்ணை வைத்தும் பல நேரம் முடியாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனி வேண்டும். ஒன்பதாம், பத்தாம் கண்டங்களும், அவற்றிலிருந்து நீளும் பிடிப்பான்களும், நடுவில் உள்ள இனப்பெருக்க உறுப்பும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. வெளியே ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூச்சிகளின் வயிற்று நுனி, இரண்டு வேறு பூட்டுகளின் சாவி போல வேறுபடும். அதனால் ஆய்வாளர் வயிற்றைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்துத் தசையைக் கரைத்து, கண்ணாடி போலத் தெளிந்த கூட்டைக் கிளிசரினில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியின் கீழே பக்கவாட்டிலும் மேலிருந்தும் அடியிலிருந்தும் கோட்டோவியமாக வரைகிறார். புகைப்படம் இருக்கிற இந்தக் காலத்திலும் கையால் வரைந்த கோடுதான் இந்தத் துறையின் மொழி. படத்தில் எல்லாம் விழும். எது இனத்தைப் பிரிக்கிறது என்று தெரிந்து இழுத்த கோட்டில் அது மட்டும் இருக்கும்.

வரைந்தபின் ஒப்பீடு. அந்தப் பேரினத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட ஒவ்வொன்றோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யக் கட்டுரைகளையும், நூறாண்டுப் பழைய ஓவியங்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து ஒப்பிடுவது இப்போது துணைக்கு வந்திருக்கிறது. புழு எந்தப் பெற்றோருடையது என்று கண்டுபிடிக்க அது பெரிய உதவி. அதற்கு முன்பே ஓர் அழகான வழி இருந்தது. கூட்டுக்குள் முதிர்ந்து, வெளியே வரவிருக்கும் ஆண் கூட்டுப்புழுவைப் பிடித்தால் மெல்லிய தோலுக்குள் வளர்ந்த பூச்சியின் வயிற்று நுனி தெரியும். அதே கூட்டின் அடியில், அது புழுவாக இருந்தபோது கழற்றிப்போட்ட தலைத்தோடும் கால்களும் கிடக்கும். ஒரே அறையில் குழந்தைப் பருவமும் வாலிபமும். நான் நுண்ணோக்கியில் கண்டவற்றில் இன்றும் மறக்காத காட்சி அது.

கடைசியில் பெயர். விவரணைக்கு ஆதாரமான ஒரே ஒரு மாதிரியை முதன்மை மாதிரியாகத் தேர்ந்து, அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெயரை எதிர்காலத்தில் யார் சந்தேகித்தாலும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியது அந்த ஓர் உடலைத்தான். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டம், புதிதாகக் கண்டறியப்படும் எந்த இனத்தின் மாதிரியையும் அரசு குறித்த களஞ்சியத்தில் வைக்கச் சொல்கிறது. 1916-ல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒரு களஞ்சியம்.

முன்பு அப்படி இல்லை. 1930-களில் லண்டன் அருங்காட்சியகத்தில் மார்ட்டின் மோஸ்லி இந்திய மயிர்ச்சிறகிகளை விவரித்தார். மாதிரிகள் அங்கே தங்கின. பின்னர் சுவிட்சர்லாந்துக்காரரான ஃபெர்னான் ஷ்மித் இலங்கையிலும் இந்தியாவிலும் மலை மலையாக ஏறிச் சேகரித்து, 1958-ல் இலங்கையின் மயிர்ச்சிறகிகளைப் பற்றிப் பெரிய நூற்கட்டுரை ஒன்றைப் பிரெஞ்சில் எழுதினார். வாழ்நாளில் அவர் பெயரிட்ட இனங்கள் ஆயிரத்தைத் தாண்டும். தென்னிந்தியாவின் காடுகளில் பூச்சி பிடித்து உலகத்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிய காரைக்கால் பகுதித் தமிழர் சூசை நாதனின் பெயர் பல பூச்சியினங்களின் பின்பாதியில் 'நாதனி' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கைகள் பிடித்துக் கொடுத்தன, பெயரை வெளியூர்க் கைகள் எழுதின. அந்த முறை மாறியதில் எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி உண்டு. 2013-ல் எஸ். தினகரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டிலிருந்து லெபிடோஸ்டோமாடிடே குடும்பத்தைச் சேர்ந்த புதிய மயிர்ச்சிறகி ஒன்றை விவரித்தார்கள். கட்டுரையும் இந்திய ஆய்விதழில்தான் வந்தது.

மேசையில் நடக்கும் கண்டுபிடிப்புக்கு ஓர் உதாரணம் பார்க்க, இனி கொசோவோ. ஐரோப்பாவின் தென்கிழக்கில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சிறிய நாடு. அதன் மேற்கு எல்லையில் சபிக்கப்பட்ட மலைகள் என்று பெயர் பெற்ற தொடர். பிரிஷ்டினா பல்கலைக்கழகத்தின் ஹலீல் இப்ராஹிமி அந்த மலையோடைகளில் சில ஆண்டுகளுக்கு முன் சேகரித்த பூச்சிகள் புட்டியில் இருந்தன. 2020-ன் ஊரடங்கில் வெளியே போக முடியாத நாட்களில் அவரும் உடன் ஆய்வாளர்களும் அவற்றை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்று நுனி, கோட்டோவியம், மரபணு, ஒப்பீடு. புதிய இனம். 2021-ல் பெயர் வெளியானது: பொட்டமோஃபைலாக்ஸ் கொரோனாவைரஸ்.

உலகம் பின்பாதியைத்தான் பார்த்தது. ஊரடங்கில் பிறந்ததால் அந்தப் பெயர் என்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவர்கள் சொல்ல வந்தது அது மட்டும் அல்ல. பூச்சி வாழும் தெச்சான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். மலையோடையைக் குழாய்க்குள் திருப்பினால் பழைய படுகையில் கல் காய்ந்துவிடும், ஓட்டம் போய்விடும். ஓட்டத்தில் வரும் உயிர்வளியை நம்பி வாழும் புழுவுக்கு அங்கே இடமில்லை. நாட்டின் ஓடைகள் முழுக்க அமைதியாகப் பரவும் இன்னொரு தொற்று இது என்று சொல்லவும் அந்தப் பெயரைத் தேர்ந்தார்கள்.

எனக்கு முன்பாதி பிடித்திருக்கிறது. அந்தப் பேரினத்துக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் பொட்டமோஸ் என்றால் ஆறு, ஃபைலாக்ஸ் என்றால் காவலன். நதிக் காவலன். நம் கிராமங்களில் எல்லைச்சாமியை ஊருக்கு வெளியே, ஆபத்து முதலில் வந்து சேரும் இடத்தில் உட்காரவைப்பார்கள். மயிர்ச்சிறகிக்கு ஆற்றில் அந்த இடம்தான்.

இதை ஓசூரில் இருந்து எழுதும்போது தென்பெண்ணையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நந்தி மலையில் பிறந்து, தட்சிண பினாகினி என்ற பெயரோடு கர்நாடகத்தில் நடந்து, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வெளியேறும் கழிவையும் ஏற்றுக்கொண்டு, கொடியாளம் பக்கம் ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது வெண்ணுரை மலை மலையாகக் கிளம்பிச் சாலைமேல் ஏறுவதை ஓசூர் மக்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். சோப்பும் சலவைத்தூளும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகின்றன. மதகில் விழுந்து அடிபடும் தண்ணீர் காற்றைப் பிடித்து நுரையாக்கி வைத்துக்கொள்கிறது. ஜூஜூவாடியில் லாரிகளுக்குச் சோதனைச்சாவடி உண்டு. ஆற்றுக்கு அப்படி ஒன்று இல்லை.

நுரை கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. கண்ணுக்குத் தெரியாதது கல்லடியில் நடக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் புழு வயிற்றை அலை போல அசைத்து அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடுகிறது. சாக்கடை நீரில் உள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் கரைந்திருக்கும் உயிர்வளியைத் தீர்த்துவிட்டால், எவ்வளவு அசைந்தாலும் புழுவுக்குப் பயனில்லை. கூடு கட்டும் இனங்களில் பல முதலில் போகும். வலை கட்டும் ஹைட்ரோசைக்கிடேயில் சில இனங்கள் கொஞ்சம் தாங்கும். தாங்கினாலும் அவற்றின் வேலை கெடுகிறது: மாசுபட்ட ஓடைகளில் இந்தப் புழுக்கள் கட்டிய வலைகளின் கண்கள் ஒழுங்கு தவறிப் பின்னப்பட்டிருப்பதை 1983-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. இதைச் சொன்னபோது என் நண்பர், "மெஷின் செட்டிங் போயிடுச்சுன்னா பீஸ்ல தெரியும் இல்லைங்களா, அந்த மாதிரி" என்றார். அதேதான்.

ஒரு குப்பித் தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்த நிமிடத்தின் நிலை தெரியும். நள்ளிரவில் திறந்துவிட்டு விடியலுக்குள் மூடிய கழிவு அதில் இருக்காது. புழு அங்கேயே மாதக்கணக்கில் குடியிருக்கிறது; வந்த எல்லாவற்றையும் அனுபவித்திருக்கிறது. அதனால்தான் மே ஈ, கல் ஈ, காடிஸ் ஈ ஆகிய மூன்று வரிசைகளையும் எண்ணி ஓடையின் உடல்நிலையைச் சொல்லும் முறை உலகெங்கும் இருக்கிறது. நம் ஓடைகளுக்கு ஏற்ற கையேட்டை கே.ஏ. சுப்ரமணியனும் மதுரையின் கே.ஜி. சிவராமகிருஷ்ணனும் 2007-ல் எழுதினார்கள். அதைப் பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வெளியிட்டது. வலையும் வெள்ளைத் தட்டும் லென்ஸும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளாலும் குடும்ப அளவுக்கு அடையாளம் காண முடியும். ஆனால் குடும்பம் தெரிந்தால் போதாது. ஒரே குடும்பத்தில் ஓரினம் சாக்கடையைத் தாங்கும், அக்கா தங்கை இனம் ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் சாகும். எது எது என்று பிரித்துச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். பெயரில்லாத இனம் ஒரு ஓடையிலிருந்து மறைந்தால், மறைந்தது என்று எழுதக்கூடச் சொல் இருக்காது.

மேலகிரி மலைகளின் பெரும்பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயம் சேர்ந்தது, 686 சதுர கிலோமீட்டர். யானை வழித்தடத்துக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் ஓடைகளும் பிழைத்தன. கல்லை எடுத்தால் புரட்டிய குழியில் அப்படியே திரும்ப வைக்கச் சொல்லி நண்பருக்குப் பழக்கினேன். தலைகீழாக வைத்துவிட்டால் அடியில் இருந்த குடித்தனம் முழுக்க வெயிலுக்கு வந்துவிடும்.

இருட்டியதும் கரையில் வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டி, முன்னால் விளக்கு வைத்தோம். முதல் அரை மணி நேரம் கொசுவும் வண்டும். பிறகு ஓடைப் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின: சிறகு கூரை போல, முன்னால் நீண்ட இரண்டு கொம்புகள். இவற்றின் ஆயுளில் இனி மிஞ்சுவது சில நாட்கள், அதிகம் போனால் சில வாரங்கள். நண்பர் மூச்சை அடக்கிக்கொண்டு, சிறகு நசுங்காமல், ஒவ்வொன்றாகக் குப்பிக்குள் இறக்கினார். இரும்பைத் தொட்டே பழகிய விரல்கள் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். மை சாராயத்தில் கரைந்துவிடும். இடம், தேதி, கடல்மட்டத்திலிருந்து உயரம், பிடித்த முறை, பிடித்தவர். இந்தச் சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அரியதானாலும் அறிவியலுக்குப் பயன்படாது. பட்டறையில் ஒவ்வொரு பீஸுக்கும் ஜாப் கார்டு எழுதிப் பழகிய கை. தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி என்று குண்டு குண்டான எழுத்தில் அவர் எழுதி முடித்தார். கடைசி இடத்தில் தயங்கி நிமிர்ந்து, "என் பேரா போடணும்?" என்று கேட்டார்.

"நீங்கதானே பிடிச்சீங்க" என்றேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முழங்காலில் சீட்டை வைத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு எழுதினார்.